எஃகில் நாமே ஊதிய ஆக்சிஜனை மறுபடி எப்படி வெளியே எடுக்கிறார்கள்?

கேள்வி இதுதான். கன்வர்ட்டர் என்ற பெரிய உலைப் பாத்திரத்தில் ஆக்சிஜனை ஊதித்தான் எஃகு செய்கிறார்கள். ஊதி முடித்த கையோடு, அதே ஆக்சிஜனை எடுப்பதற்காக அலுமினியத்தைக் கொட்டுகிறார்கள். முதலிலேயே அளவாக ஊதினால் என்ன? கேட்டவர் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார். அவர் வாங்கிய ஒரு தகட்டின் டெஸ்ட் சர்டிபிகேட்டில் ‘ஃபுல்லி கில்டு’ (முழுக்கக் கொல்லப்பட்டது, அதாவது கரைந்த ஆக்சிஜனை நீக்கியது) என்றும் அலுமினியம் 0.035 சதவீதம் என்றும் இருக்கிறது. வீடு கட்ட வாங்கிய டிஎம்டி கம்பியின் சர்டிபிகேட்டில் அலுமினியம் என்ற வரியே இல்லை. அப்படியானால் கம்பி மட்டமான சரக்கா?

லேடில் என்ற பெரிய வாளியிலுள்ள எஃகுக் குழம்பை வார்ப்பதற்கு முன் சரிசெய்யும் இடம் லேடில் ஃபர்னஸ். நான் பல வருடம் அதன் மேடையில் நின்றவன். அங்கே நாள் முழுக்க நடப்பது கிட்டத்தட்ட இந்த ஒரு வேலைதான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

‘அளவாக ஊதினால் என்ன’ என்பதிலிருந்து தொடங்குவோம். ஊது உலையிலிருந்து வரும் இரும்புக் குழம்பில் கார்பன் 4 சதவீதத்துக்கு மேல் இருக்கும். கூடவே சிலிக்கான், மாங்கனீஸ், பாஸ்பரஸ். கன்வர்ட்டருக்குள் லான்ஸ் என்ற நீளக் குழாயை இறக்கி, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுத்தமான ஆக்சிஜனைப் பாய்ச்சுகிறோம். டன்னுக்குச் சுமார் 50 கன மீட்டர் ஆக்சிஜன். ஊதும் நேரம் பதினைந்திலிருந்து இருபது நிமிடம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952-ல் தொழில்முறையில் ஓடத் தொடங்கிய முறை இது. இந்தியாவுக்கு முதலில் ரூர்கேலாவில் வந்தது.

ஊதும்போது முதல் பாதியில் பிரச்சினை இல்லை. கார்பன் ஏராளமாக இருப்பதால் வருகிற ஆக்சிஜனில் பெரும்பங்கை அதுவே பிடித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வெளியேறிவிடும். கார்பன் 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் கதை மாறுகிறது. பந்திக்கு வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள், பரிமாறுகிறவர் மட்டும் நிற்காமல் இலையில் போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆக்சிஜன் இரும்பையே எரிக்கத் தொடங்கும். ஒரு பகுதி குழம்பிலேயே கரைந்து நிற்கும்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 1600 டிகிரியில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், கார்பன் சதவீதத்தையும் ஆக்சிஜன் சதவீதத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.0025 வரும். கார்பன் 0.4 சதவீதத்தில் நிறுத்தினால் கரைந்த ஆக்சிஜன் 0.006 சதவீதம், அதாவது 60 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 60 பங்கு). 0.04 சதவீதம் வரை இறக்கினால் அது 600 பிபிஎம்மைத் தாண்டும். நிஜத்தில் ஊதி முடிக்கும்போது இதற்கும் மேலேதான் இருக்கும். ஆக, இது யாரோ கவனக்குறைவாக அதிகம் ஊதியதால் வந்த வினை இல்லை. கார்பனைக் குறைத்தால் ஆக்சிஜன் ஏறியே தீரும். கார் பாடி செய்கிற தகட்டுக்குக் கார்பன் 0.04-க்கும் கீழே வேண்டும் என்றால் இந்த ஆக்சிஜனை வாங்கித்தான் ஆக வேண்டும்.

கார்பன் அதிகமுள்ள கிரேடுகளில் பாதியிலேயே ஊதுவதை நிறுத்திக்கொள்வதும் உண்டு. ஆனால் பாஸ்பரஸ் குறுக்கே நிற்கும். அது குழம்பின் மேல் மிதக்கும் கசடுக்குப் போக வேண்டுமானால் கசடில் இரும்பு ஆக்சைடு தாராளமாக இருக்க வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் ஆக்சிஜன் குறையும், பாஸ்பரஸ் மிஞ்சும். அதனால் கடைசி வரை ஊதிவிட்டு, லேடிலில் கார்பனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனம் மாதிரிதான் தெரியும்.

சரி, கரைந்த ஆக்சிஜன் அப்படியே இருந்துவிட்டால் என்ன? 600 பிபிஎம் என்பது பத்தாயிரத்தில் ஆறு பங்குதானே?

உருகிய இரும்பு 1600 டிகிரியில் 0.23 சதவீதம் வரை ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். உறைந்த இரும்புக்கோ அதில் இடமே இல்லை, சில பிபிஎம்தான் தங்கும். உறையும்போது வெளியே தள்ளப்படும் ஆக்சிஜன், மிச்சமிருக்கும் குழம்பில் செறிந்து, அங்குள்ள கார்பனோடு சேர்ந்து வாயுவாகிறது. ஒரு டன் எஃகில் 200 கிராம் ஆக்சிஜன், அதாவது 200 பிபிஎம், இப்படி வாயுவானால் எவ்வளவு வரும் என்று போட்டுப் பாருங்கள்: 1500 டிகிரி சூட்டில் சுமார் 1800 லிட்டர். அந்த ஒரு டன் எஃகின் கன அளவோ வெறும் 140 லிட்டர். எஃகைப் போல பதின்மூன்று மடங்கு வாயு, அதுவும் பாதி உறைந்து பிசுபிசுப்பாக இருக்கும் நேரத்தில். இட்லி போல ஓட்டை ஓட்டையாகத்தான் நிற்கும். வாயுவாகாத ஆக்சிஜன் இரும்பு ஆக்சைடாக, கந்தகத்தோடு கூட்டுச் சேர்ந்து, படிகங்களின் இடுக்குகளில் சீக்கிரம் உருகும் படலமாக உட்கார்ந்துகொள்ளும். அந்த எஃகைச் சூடாக்கி அடித்தால் விண்டுபோகும்.

இதை முதலில் பெரிய அளவில் அனுபவித்தவர் ஹென்றி பெசமர். 1856 ஆகஸ்டில் செல்ட்டன்ஹாமில், எரிபொருளே இல்லாமல் காற்றை ஊதி எஃகு செய்யலாம் என்று அறிவித்தார். உரிமம் வாங்க முதலாளிகள் முண்டியடித்தார்கள். ஊருக்குப் போய் ஊதிப் பார்த்தால் கிடைத்தது சுத்தியலடியில் நொறுங்கும் சரக்கு. அதில் இரண்டு தனித்தனி நோய்கள் இருந்தன. ஒன்று பாஸ்பரஸ், அதற்கு மருந்து கிடைக்க 1870-களின் கடைசி வரை ஆனது. இன்னொன்று ஊதியதால் புகுந்த ஆக்சிஜன். இரண்டாவதற்கு மருந்து சொன்னவர் ராபர்ட் மஷெட். இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் பகுதியில் உலை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தவர். கார்பனையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, கடைசியில் மாங்கனீஸ் நிறைந்த ஸ்பீகலைசன் என்ற வார்ப்பிரும்பைக் கொஞ்சம் சேர்த்தார். மாங்கனீஸ் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் பிடித்துக்கொண்டது, கூடவே வேண்டிய கார்பனும் வந்து சேர்ந்தது. காப்புரிமைக்கான முத்திரைக் கட்டணம் கட்டப்படாமல் போனதால் 1859-ல் மஷெட்டின் உரிமை போயிற்று. பெசமர் கோடீஸ்வரர் ஆனார். 1866-ல் மஷெட்டின் பதினாறு வயது மகள் மேரி தனியாக லண்டனுக்குப் போய், பெசமரின் அலுவலகத்திலேயே நியாயம் கேட்டாள். பெசமர் மஷெட்டுக்கு வருடம் 300 பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆக்சிஜன் நீக்கத்துக்குக் கிடைத்த முதல் ராயல்ட்டி என்று நாங்கள் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

‘கில்டு’ என்ற பெயர் அதற்கும் பழையது. ஷெஃபீல்டில் மண் குகையில் (உருக்கும் மண் பாத்திரத்தில்) எஃகு உருக்கிய காலத்தில், உருகியதும் ஊற்றினால் குழம்பு கொதித்துத் துள்ளும். இன்னும் கொஞ்ச நேரம் நெருப்பிலேயே வைத்திருந்தால் அடங்கிச் செத்ததுபோலக் கிடக்கும். கொன்றாகிவிட்டது, ஊற்றலாம் என்பார்கள். காரணம் அவர்களுக்குத் தெரியாது. எஃகிலுள்ள கார்பன், குகையின் மண்ணிலிருக்கும் சிலிக்காவைக் கொஞ்சம் ஒடுக்கி, சிலிக்கானைக் குழம்புக்குள் இழுத்துவந்திருக்கிறது. அந்தச் சிலிக்கான்தான் ஆக்சிஜனைக் கொன்றது.

எல்லா எஃகையும் கொல்லத்தான் வேண்டும் என்றும் இருந்ததில்லை. இங்காட் என்ற கட்டிகளாக அச்சில் ஊற்றிய காலத்தில், வேண்டுமென்றே ஆக்சிஜனை விட்டுவைத்து ‘ரிம்மிங்’ எஃகு செய்தார்கள். அச்சின் சுவரோரம் உறையும்போது வாயு கொதித்து, அழுக்கை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். வெளித்தோல் கிட்டத்தட்ட சுத்த இரும்பாக, பளிங்குபோல வரும். உள்ளே இருக்கும் ஓட்டைகள் ரோலிங்கில் ஒட்டிக்கொள்ளும். மேலே பள்ளம் விழாததால் வெட்டி எறிவதும் குறைவு. கார் தகட்டுக்கு அதைவிட நல்ல தோல் கிடையாது என்று பழைய ஆட்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். நிற்காமல் தொடர்ந்து வார்க்கும் கன்டினுவஸ் காஸ்டிங் வந்ததும் அது ஒழிந்தது. மெல்லிய தோலுக்குள் குழம்பைச் சுமந்துகொண்டு ஓடும் ஒரு வார்ப்பில் வாயு கொதித்தால், தோல் கிழிந்து குழம்பு வெளியே கொட்டிவிடும். இன்றைக்குக் காஸ்டரில், அதாவது அந்த வார்ப்பு மெஷினில், ஊற்றப்படும் எஃகு எல்லாமே ஏதோ ஒரு வகையில் கொல்லப்பட்டதுதான். அந்த வகையில் டிஎம்டியும் தகடும் ஒன்றே. வித்தியாசம், எதை வைத்துக் கொன்றார்கள் என்பதில்.

ஆயுதங்கள் மூன்று: மாங்கனீஸ், சிலிக்கான், அலுமினியம். மாங்கனீஸ் பலவீனம், அதை மட்டும் நம்பினால் ஆக்சிஜன் நூற்றுக்கணக்கான பிபிஎம்மிலேயே நிற்கும். சிலிக்கான் 0.2 சதவீதம் இருந்தால் சுமார் 100 பிபிஎம் வரை இறக்கும். இரண்டையும் சரியான விகிதத்தில் சேர்த்துப் போட்டால், தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாகச் செய்யும், 50 பிபிஎம் பக்கம் போகலாம். சேர்ந்து உருவாகும் மாங்கனீஸ் சிலிகேட் உருகிய துளியாக இருப்பதும் ஒரு வசதி. துளியும் துளியும் ஒட்டிப் பெரிதாகும். அலுமினியம் வேறு ஜாதி. 0.03 சதவீதம் கரைந்திருந்தால் போதும், கரைந்த ஆக்சிஜன் 3 முதல் 5 பிபிஎம்மில் வந்து நிற்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் அலுமினியமே போட்டுவிடலாமே என்று தோன்றும். ஒரு ஹீட்டின், அதாவது ஒரு தடவை செய்யும் எஃகின், கணக்கைப் பாருங்கள். 160 டன் எஃகு, 700 பிபிஎம் ஆக்சிஜன். மொத்தம் 112 கிலோ ஆக்சிஜன். அதைப் பிடிக்க 126 கிலோ அலுமினியம். அதற்கு மேல் 0.035 சதவீதம் எஃகில் மிஞ்சி நிற்க இன்னொரு 56 கிலோ. போட்டதெல்லாம் போய்ச் சேராது. எஃகின் அடர்த்தி 7, அலுமினியத்தின் அடர்த்தி உருகிய நிலையில் 2.4-க்குள். மேலே மிதந்து, காற்றிலும் கசடிலும் எரிந்துபோகும் பங்கு கணிசமாக இருக்கும். அதனால்தான் கடைசித் திருத்தத்துக்கு அலுமினியத்தைக் கம்பியாக, மெஷின் வைத்து வேகமாகக் குழம்புக்குள் குத்தி இறக்குகிறோம். விவரமான ஷிஃப்ட் ஃபோர்மேன் டேப்பிங், அதாவது கன்வர்ட்டரிலிருந்து லேடிலுக்கு ஊற்றுவது, தொடங்கியதும் முதலில் கொஞ்சம் கோக் போடச் சொல்வார். இருக்கிற ஆக்சிஜனில் ஒரு பங்கு வாயுவாகவே போய்விடும், செலவும் சொற்பம். அப்புறம் கிரேடுக்கு எப்படியும் தேவைப்படுகிற சிலிகோ மாங்கனீஸ். அலுமினியம் அதற்குப் பிறகுதான். வேறு வரிசையிலும் செய்கிறார்கள். கந்தகத்தை டேப்பிங்கிலேயே எடுக்க நினைத்தால் அலுமினியம் முன்னே வரும்.

எவ்வளவு போட வேண்டும் என்பதை இப்போது யூகிப்பதில்லை. செலாக்ஸ் என்று நாங்கள் சொல்லும் ஒரு குச்சியைக் குழம்பில் முக்குவோம். நுனியில் சிர்கோனியாவால் ஆன சின்னக் குழாய். அதற்குள் அளவு தெரிந்த ஆக்சிஜனைத் தரும் குரோமியம்–குரோமியம் ஆக்சைடு பொடி. உள்ளே ஒரு ஆக்சிஜன் அளவு, வெளியே எஃகில் வேறு அளவு. அந்த வித்தியாசம் மில்லிவோல்ட்டாக வரும். சில விநாடிகளில் திரையில் எண் தெரிந்துவிடும், குச்சி அதோடு காலி.

இதுவரை சொன்னது புத்தகத்தில் ஒரு அத்தியாயம். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். 700 பிபிஎம் 4 ஆகிவிட்டது, ஆக்சிஜன் போய்விட்டது என்று. எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. அந்த 112 கிலோ ஆக்சிஜன் 238 கிலோ அலுமினாவாக, அதாவது அலுமினியம் ஆக்சைடாக, மாறி, அதே லேடிலுக்குள் பொடிப்பொடியாக மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத்தாளில் ஒட்டும் சாணைப்பொடி இருக்கிறதே, அதே பொருள்தான். 2050 டிகிரிக்குக் கீழே உருகாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. செலாக்ஸ் குச்சி கரைந்த ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும். ஆக்சைடாக மாறி நிற்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. திரையில் 4 பிபிஎம் என்று காட்டும் குழம்பில், மாதிரி எடுத்து கிராஃபைட் குகையில் உருக்கி மொத்த ஆக்சிஜனை அளந்தால் பல மடங்கு வரலாம். இத்துறையில் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நீ சொல்லும் ஆக்சிஜன் கரைந்ததா மொத்தமா என்பதைத்தான்.

அந்தப் பொடி தானாக மேலே வரக்கூடாதா? எஃகைவிட லேசானதுதானே? வரும், ஆனால் நமக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. 10 மைக்ரான் துகள் ஒன்று மூன்று மீட்டர் ஆழத்திலிருந்து தானாக மிதந்து மேலே வர, ஸ்டோக்ஸ் விதிப்படி முப்பது மணி நேரம் ஆகும். 100 மைக்ரான் கொத்தாக இருந்தால் பதினெட்டு நிமிடம். விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்கு. ஆகவே செய்ய வேண்டியது, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கொத்தாக்குவது.

வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கரும்புச்சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பும் வெண்டைச் செடிச் சாறும் சேர்ப்பார்கள். அழுக்கு திரண்டு மேலே நுரையாக வரும், அகப்பையால் வழித்து எடுப்பார்கள். எங்களுக்கு அகப்பை கிடையாது. அடியிலுள்ள நுண்துளைச் செங்கல் வழியாக ஆர்கானை விடுகிறோம். குமிழிகள் குழம்பைக் கலக்கி, துகள்களை மோதவைத்து, தங்களோடு ஒட்டவைத்து மேலே தூக்கிப் போகும். மேலே சுண்ணாம்பும் அலுமினாவும் கலந்த கசடு காத்திருந்து, வருவதைக் கரைத்து விழுங்கும். கலக்கும் கட்டம் முடிந்ததும் ஆர்கானைக் குறைத்து, மேற்பரப்பு லேசாக அசையும் அளவில் கடைசிச் சில நிமிடங்கள் விடுவது முக்கியம். அவசரத்தில் ஆர்கானை முழுக்கத் திறந்துவிட்டால் கசடு விலகி, எஃகு வட்டமாகப் பளீரென்று தெரியும். பார்க்க அழகு. அந்த வட்டத்தின் வழியாகக் காற்று புதிதாக ஆக்சிஜனை ஊட்டிக்கொண்டிருக்கும்.

கசடு எப்படி இருக்கிறது என்பது பாதி வெற்றி. கன்வர்ட்டரிலிருந்து டேப் செய்யும்போது கடைசியில் அங்கிருக்கும் கசடும் வழிந்து வரும். அதில் இரும்பு ஆக்சைடு 20 சதவீதம் போல இருக்கும். அது லேடிலில் மேலே உட்கார்ந்திருக்கும் வரை, கீழே இருக்கும் அலுமினியத்தை மெல்ல மெல்லத் தின்றுகொண்டே, புது அலுமினா செய்துகொண்டே இருக்கும். பாஸ்பரஸும் திரும்ப இறங்கும். அதனால் டேப்பிங் முடியும் நேரத்தில் துளையை அடைக்க டார்ட் போடுவது, மிஞ்சி வந்த கசடில் அலுமினியத் துகள் தூவி ஒடுக்குவது எல்லாம். அனுபவப்பட்டவர் ஒரு இரும்புத் தடியைக் கசடில் முக்கி எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். கறுப்பு என்றால் இரும்பு ஆக்சைடு நிறைய இருக்கிறது. பழுப்பு, பச்சை என்று வெளுத்துக்கொண்டே வந்து கடைசியில் வெள்ளை. நல்ல வெள்ளைக் கசடைத் தரையில் போட்டால், ஆறிய பின் யாரும் தொடாமலே பொலபொலவென்று மாவாக உதிர்ந்துவிடும். அதிலுள்ள டைகால்சியம் சிலிகேட் குளிரும்போது படிக வடிவம் மாறி விரிவதால் அப்படி. லேபிலிருந்து ரிப்போர்ட் வருவதற்கு முன் எங்களுக்கு வரும் ரிப்போர்ட் அதுதான்.

எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் அலுமினா மிஞ்சும். அது எங்கே வேலையைக் காட்டும் என்றால் காஸ்டரில். டண்டிஷ் என்ற இடைத்தொட்டியிலிருந்து மோல்டு என்ற அச்சுக்குப் போகும் நாசிலின் உட்சுவரில், குழாயில் சுண்ணாம்பு படிவதுபோல அலுமினா ஒட்டிக்கொண்டே வரும். ஓட்டம் குறையக் குறைய, அதைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப்பர் தண்டைத் தூக்குவார்கள். ஒரு கட்டத்தில் தூக்க இடமிருக்காது, காஸ்ட்டிங் நின்றுபோகும்.

இதற்குப் பரிகாரம் கால்சியம். கால்சியம் சிலிக்கான் பொடியை உள்ளே அடைத்த கம்பியைக் குழம்பில் இறக்கினால், திடமான அலுமினா கால்சியம் அலுமினேட்டாக மாறும். விகிதம் சரியாக விழுந்தால் அது 1450 டிகிரிக்குக் கீழேயே உருகும். நாசிலில் ஒட்டாமல் துளியாக வழுக்கிப் போய்விடும். சொல்லச் சுலபம். கால்சியம் 1484 டிகிரியில் ஆவியாகும், எஃகோ 1600-ல் இருக்கிறது. கம்பியை ஆழத்துக்குக் குத்தி இறக்கினால்தான் மேலிருக்கும் எஃகின் அழுத்தத்தில் ஆவி கொஞ்சமாவது அடங்கும். குறைவாகப் போட்டால் பாதி மாறிய அலுமினா மிஞ்சும். கந்தகம் கூடுதலாக இருக்கும்போது போட்டால் கால்சியம் சல்பைடு உண்டாகி அதுவே நாசிலை அடைக்கும். நிறையப் போட்டால் ஸ்டாப்பரையும் நாசிலையும் அரித்துவிடும். நான் பார்த்த வரையில் லேடில் ஃபர்னஸில் மிக அதிகமாகத் தப்பாகச் செய்யப்படும் வேலை இதுதான். தப்பு நடந்தது ஒரு மணி நேரம் கழித்து, வேறொருவர் ஷிஃப்டில்தான் தெரியும்.

ஒரு இரவு நடந்தது. லேடில் ஃபர்னஸிலிருந்து எல்லாம் சுத்தமாக அனுப்பியிருந்தோம்: வெள்ளைக் கசடு, அலுமினியம் 0.040, கால்சியம் ஒழுங்கு. அரை மணி நேரத்தில் காஸ்டரிலிருந்து போன், நாசில் அடைக்கிறது, உங்கள் எஃகு அழுக்கு என்று. டண்டிஷ் மாதிரியைப் பார்த்தால் அலுமினியம் 0.028. நடுவில் 0.012 சதவீதம் காணோம். 160 டன்னில் அது 19 கிலோ அலுமினியம். அத்தனையும் ஆக்சிஜனைச் சந்தித்திருந்தால் 36 கிலோ புது அலுமினா. நைட்ரஜனைப் பார்த்தோம், அதுவும் ஏறியிருந்தது. கசடு அலுமினியத்தைத் தின்னும், ஆனால் நைட்ரஜனைக் கொடுக்காது. இரண்டும் சேர்ந்து நடந்தால் காற்றுதான். லேடிலுக்கும் டண்டிஷுக்கும் நடுவே எஃகை மூடிக்கொண்டு போகும் ஷ்ரவுட் குழாயின் மேல் விளிம்பில் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. வேகமாக ஓடும் குழம்பு அந்த இடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பாடுபட்டு எடுத்த ஆக்சிஜன், ஒரு கேஸ்கெட் வழியாகத் திரும்ப வந்துவிட்டது. அந்த ஹீட்டைப் பாதியில் நிறுத்தி மிச்சத்தைத் திருப்பி அனுப்பினோம்.

ஆக்சைடே மிஞ்சாமல் ஆக்சிஜனை எடுக்க வழி கிடையாதா என்றால், ஒன்று இருக்கிறது: வெற்றிடம். அழுத்தத்தை வளிமண்டலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்காகக் குறைத்தால், முன்பு சொன்ன 0.0025 கணக்கு தலைகீழாகிவிடும். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து வாயுவாக வெளியே போகும், பின்னால் துகள் எதையும் விட்டுவைக்காது. ஆர்எச் என்ற வெற்றிடக் கலத்தில், 30 பிபிஎம்முக்கும் குறைவான கார்பன் கொண்ட கார் தகட்டு எஃகை இப்படித்தான் செய்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அங்கே கார்பனை எடுக்க ஆக்சிஜன் தேவை என்பதால் அதை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். கார்பன் போன பிறகு மிஞ்சுவதை எடுக்க, மறுபடி அலுமினியம்தான்.

இப்போது டிஎம்டிக்கு வருவோம். கம்பிக்கான பில்லெட் என்ற நீளக் கட்டையை வார்க்கும் காஸ்டரில் டண்டிஷ் நாசிலின் துளை விரல் தடிமன்தான், 12 முதல் 18 மில்லிமீட்டர். தகட்டுக்கான ஸ்லாப் காஸ்டரைப்போல ஸ்டாப்பரும் கிடையாது; பல இடங்களில் குழம்பு மோல்டுக்குள் திறந்த வெளியில்தான் விழும். அங்கே அலுமினியம் கொன்ற எஃகை ஊற்றினால் துளை சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். காற்றுபட்டு அலுமினியமும் எரியும். அதனால் அலுமினியத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்து, சிலிக்கானும் மாங்கனீஸும் வைத்துக் கொல்கிறார்கள். மாங்கனீஸ் சிலிக்கானைப் போல மூன்று மடங்கு பக்கம் இருந்தால் உண்டாகும் ஆக்சைடு உருகிய நிலையிலேயே இருக்கும், நாசில் அடைக்காது. கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பிக்கு அது போதும். ஆழமாக இழுத்து வடிவம் கொடுக்கும் தகட்டுக்குத்தான் அலுமினியம் தேவை. அது நைட்ரஜனையும் கட்டிப்போட்டு, தகடு நாள்பட விறைத்துப்போவதைத் தடுக்கும். படிகங்களையும் பொடியாக வைத்திருக்கும்.

அலுமினியம் இல்லாதது மட்டம் என்று நினைத்தால் டயருக்குள் இருக்கும் கம்பியைப் பாருங்கள். முடியளவு, 0.2 மில்லிமீட்டர் பக்கம் மெல்லிசாக இழுக்கப்படும் உயர்தர எஃகு. அதில் ஒரு அலுமினாத் துகள் இருந்தால் இழுக்கும்போது அந்த இடத்தில் பட்டென்று அறுந்துவிடும். அங்கே சிலிக்கான்-மாங்கனீஸ்தான்; ஃபெரோ சிலிக்கானில் கலப்படமாக வரும் அலுமினியத்தைக்கூட எண்ணி எண்ணி வாங்குவார்கள். பேரிங் எஃகுக்காரர்கள் நேர் எதிர்: அலுமினியத்தால் கொன்று, பிறகு மொத்த ஆக்சிஜனை 10 பிபிஎம்முக்குக் கீழே, முடிந்தால் 5 பக்கம் கொண்டுவர மெனக்கெடுவார்கள். இரண்டும் தரமான எஃகுதான்.

ஃபவுண்டரிக்காரர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. எஃகு வார்ப்பில் அலுமினியத்தைப் பட்டும் படாமலும் போடுவது, போடாமலே இருப்பதைவிட மோசம். அரைகுறையாகப் போட்டால் சல்பைடு படிக எல்லையில் சங்கிலி சங்கிலியாகப் படிந்து, வார்ப்பின் நீட்சி விழுந்துவிடும். 1930-களிலேயே சிம்ஸ் என்ற ஆய்வாளர் இந்தச் சல்பைடுகளை வகைப்படுத்திவிட்டார், அவர் சொன்ன இரண்டாம் வகை இதுதான். போட்டால் போதுமான அளவு மிஞ்சும்படி போடுங்கள்.

கடைசியாக அந்தச் சர்டிபிகேட். ஐஎஸ் 2062 என்ற இந்தியத் தரநிலைத் தகட்டில் அலுமினியத்தால் மட்டும் கொன்றிருந்தால் மொத்த அலுமினியம் 0.02 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிலிக்கானால் மட்டும் என்றால் சிலிக்கான் 0.10-க்குக் குறையக் கூடாது. இரண்டாலும் என்றால் சிலிக்கான் 0.03, அலுமினியம் 0.01. உங்கள் தகட்டில் 0.035 இருப்பதால் முழுக்கக் கொல்லப்பட்டதுதான், சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த எண்ணை வைத்து எஃகு சுத்தம் என்று சொல்ல முடியாது. அந்த மொத்தத்தில் கரைந்து நிற்கும் அலுமினியமும் உண்டு, வெளியேறாமல் மாட்டிக்கொண்ட அலுமினாவும் உண்டு. தண்ணீர்த் தொட்டி செய்யவா, பரவாயில்லை, அப்படியே பயன்படுத்துங்கள். தொடர்ந்து அதிரும், வளையும் பாகம் செய்யப்போகிறீர்கள் என்றால், ஏஎஸ்டிஎம் ஈ45 முறைப்படி இன்க்ளூஷன் ரேட்டிங்கும் (உள்ளே மாட்டிக்கொண்ட துகள்களின் மதிப்பீடு) மொத்த ஆக்சிஜன் எவ்வளவு என்றும் சப்ளையரிடம் எழுத்தில் கேளுங்கள்.